ஒரு குடும்பத்துக்கு ஒரு ஈமெயில்

போன் கடையில் வேலை செய்கிற ஆளுக்கு ஊரில் பாதிப் பேருடைய பாஸ்வேர்ட் தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதற்குத்தான் சம்பளம்.

நான் ஏ.எல். சோதனை இரண்டு தரம் எழுதினனான். மூன்றாம் தரம் எழுத ஏலாது என்று வீட்டில் சொன்ன அடுத்த கிழமையே துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருக்கிற இந்தக் கடையில் சேர்த்துவிட்டார்கள். போன் விற்பது, றீலோட் போடுவது, போட்டோக் கொப்பி எடுப்பது, ஒன்லைனில் படிவம் நிரப்புவது, கண்ணாடி ஒட்டுவது. இதில் ஒன்றுக்கும் ஏ.எல். தேவையில்லை. பொறுமை தேவை. அது என்னிடம் இல்லை.

இதை வாசிக்கிற நீங்களும் இப்படி ஒரு கடையில் வேலை செய்கிற ஆளாக இருக்கலாம். அல்லது 'இவளுக்கு கொம்பியூட்டர் தெரியும்' என்று வீட்டில் யாரோ ஒருநாள் சொல்லிவிட்டதால், கலியாண வீட்டில்கூட ஒரு மூலையில் இருந்து சொந்தக்காரருடைய போன் திருத்துகிற ஆளாக இருக்கலாம். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள், இதில் எழுதியிருப்பது தங்களைப் பற்றியோ என்று யோசித்தால், ஓம், உங்களைப் பற்றித்தான். ஒரு பிழை மட்டும் என்னுடையது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

கொப்பி

கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது, தடித்த மட்டை போட்டது. யாராவது புதுப் போன் வாங்கினால் ஈமெயிலை நாங்களே திறந்து, பாஸ்வேர்டும் நாங்களே போட்டு, இரண்டையும் அந்தக் கொப்பியில் எழுதி வைப்போம். மூன்று மாதத்தில் மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். அதுவும் மறந்தது நாங்கள் என்கிற மாதிரி நிற்பார்கள்.

முதலாளி ரமீஸ் நானா கிண்ணியாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர். கொப்பி விசயத்தில் அவரிடம் இரண்டு சட்டம் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு ஈமெயில் காணும். பாஸ்வேர்ட் எல்லாருக்கும் ஒன்றே, கடைப் பெயரோடு ஒன்று இரண்டு மூன்று. "கரண்ட் பில் வீட்டுக்கு ஒண்டு, தண்ணி பில் வீட்டுக்கு ஒண்டு, ஈமெயில் மட்டும் ஏன் புள்ள ஆளுக்கு ஒண்டு?" என்று கேட்பார். சேர்ந்த புதிதில் எனக்கும் அது நல்ல சட்டமாகத்தான் பட்டது. வேலை குறைவு.

ஒருநாள் கடைக்கு முன்னால் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே இருந்த அண்ணன் மழைக்கு இறங்கவில்லை. "தங்கச்சி, என்ர பாஸ்வேர்ட் என்ன?" என்று கத்தினார். கொப்பியைப் பார்க்கத் தேவையில்லையே. நானும் வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி எழுத்து எழுத்தாகக் கத்திச் சொன்னேன். அவர் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மழைக்கு எங்கள் வாசலில் ஒதுங்கி நின்ற ஒரு அம்மா, பக்கத்தில் நின்ற ஆளிடம் சந்தோசமாகச் சொன்னா: "அட, எனக்கும் அதுதானே!"

ஐந்து செக்கன்

சுகந்தி அக்கா உவர்மலையில் இருக்கிறவ. புருஷன் யோகன் கட்டாரில் ட்ரைவர். எட்டு வயதில் ஒரு மகள். அக்கா இருக்கிற வீடு அவவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. முற்றத்தில் நின்றால் துறைமுகம் தெரியும். சுற்றுலாக்காரருக்கு அறை கட்ட அந்த வளவை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். விற்றுவிட்டு லொறி எடுப்போம் என்று யோகன் அண்ணன் நின்றார். அவர் கெட்ட மனுசன் இல்லை, அவசரக்காரன். லீவில் வந்த உடனே அக்கா கையெழுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அக்காவிடம் வேறு யோசனை. அவர் வருவதற்கு முன்னமே காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய், வீட்டை மகளின் பெயரில் எழுதி, சாகும்வரைக்கும் இருக்கிற உரிமையை மட்டும் தனக்கு வைத்துக்கொள்வது. பிறகு மகள் வளர்கிற வரைக்கும் ஒருத்தரும் விற்க ஏலாது. இதைத் தங்கச்சி வாணிக்கு மட்டும்தான் சொன்னவ. முதல் தரம் போனபோது நொத்தாரிசு வீட்டுப் படலையடியில் யோகன் அண்ணனுடைய தம்பி மோட்டார் சைக்கிளில் நின்றார். "சும்மா இந்தப் பக்கம் வந்தனான் அண்ணி" என்றார். அக்காவும் சும்மா அந்தப் பக்கம் போன மாதிரித் திரும்பி வந்துவிட்டா. இரண்டாம் தரம், போக இருந்த அன்று விடியவே கிளிவெட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் மாமியார் அரிசிப் பையோடு வந்து இறங்கி, பின்னேரம் வரைக்கும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

தெரிந்தது வாணிக்கு மட்டும். ஆகவே சொன்னதும் வாணிதான். அக்கா அந்த முடிவோடுதான் கடைக்கு வந்தவ. போனை என்னிடம் நீட்டி, வாணியுடைய நம்பரை பிளொக் பண்ணித் தா என்றா. வாணி ஏன் சொல்லப் போகிறா, வேறு எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்னால் ஆறு பேர் நின்றார்கள். ஐந்து செக்கனில் பிளொக் பண்ணிக் கொடுத்தேன். அக்கா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"கூடப் பிறந்ததை நிப்பாட்ட இவ்வளவு நேரம்தானா, பிள்ளை?"

மரியாதை

புல்மோட்டையிலிருந்து ஒரு பெரியவர் போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்திருந்தார். ஒட்டி முடிக்கிற நேரம் அழைப்பு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். "ஓம் மகன்... ஓம் மகன்... சந்தோசம் மகன்" என்று கதைத்தார். பாங்கிலிருந்து ஒரு தம்பி என்று எனக்குச் சைகை காட்டினார். பிறகு போனைக் கையெட்டும் தூரத்துக்குப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, வந்திருந்த மெசேஜை வாசிக்கத் தொடங்கினார். "நாலு... ஏழு... சைபர்..."

நாலாவது இலக்கத்தில் பறித்துக் கட் பண்ணினேன். அந்த ஆறு இலக்கம் உங்களுடைய கணக்கின் கதவு, எந்தப் பாங்கும் அதைக் கேட்காது, கேட்கிறவன் கள்ளன், அடுத்த முறை கேட்கிறது தாயானாலும் சொல்லாதீங்கோ என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். காப்பாற்றினதற்கு ஒரு நன்றியாவது வரும் என்று எதிர்பார்த்தேன். பெரியவர் புதுக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தக் கள்ளன் என்னை நாலு தரம் 'ஐயா' எண்டவன். ஒரு வருசமா இந்தக் கடைக்கு வாறன், நீ ஒருக்காலும் சொன்னதில்லை."

மான்

எங்கள் கொப்பியில் பெயர் எழுத விட மாட்டேன் என்று சொன்ன ஒரே வாடிக்கையாளர் அந்தோனி ஐயா. தபால் கந்தோரில் இருந்து ஓய்வெடுத்தவர். மற்றவர்களுடைய கடிதத்தை நாற்பது வருசம் திறக்காமல் கொடுத்த ஆள். தன்னுடைய பாஸ்வேர்டைத் தானே யோசித்து, பதினாறு எழுத்து, ஒரு சின்ன மட்டையில் எழுதிப் பையில் வைத்திருந்தார். தட்டும்போது என்னை அங்கால் பார்க்கச் சொல்வார். நான் பார்ப்பேன். எனக்கு என்ன, வேலை மிச்சம்.

அன்றைக்குப் படிவம் ஒன்று நிரப்ப வந்தவர், முறை வரும்வரை வாசல் படியில் இருந்தார். மட்டையை வெளியே எடுத்து, வடை சுற்றின பேப்பரோடு பக்கத்தில் வைத்திருக்கிறார். எங்கள் ஊரில் மான்கள் கடைவீதியிலேயே திரிகிற விதம் தெரியும்தானே. மாடு மாதிரித்தான், வெட்கம் மட்டும் இன்னும் குறைவு. ஒன்று வந்து பேப்பரையும் மட்டையையும் சேர்த்து எடுத்தது. நான் ஓடி வந்தபோது ஒரு மூலைதான் வாய்க்கு வெளியே தெரிந்தது. அதுவும் போனது.

"ஐயா, உங்கட பாஸ்வேர்ட் போயிட்டுது" என்றேன். அவர் மானைப் பார்த்தார், உள்ளே மேசையில் கிடந்த கொப்பியைப் பார்த்தார்.

"போகட்டும் பிள்ளை. அது ஒருத்தருக்கும் வாசிச்சுச் சொல்லாது."

மீன்காரர்

சுகந்தி அக்கா திரும்ப வந்தா. இந்த முறை வியாழக்கிழமைக்கு நாள் குறித்திருந்தா. ஒரு உயிருக்கும் சொல்லவில்லை. வாணிதான் பிளொக்கில் இருக்கிறாவே. அந்த நாளையும் போனில் குறிக்காமல் மனதுக்குள்ளேயே வைத்திருந்தா. எந்த ஓட்டோக்காரன் கதை கொண்டுபோகிறானோ என்று மூன்று ஓட்டோவும் மாற்றியாச்சு. பக்கத்து வீட்டோடும் கதை இல்லை. இன்னும் இரண்டு ஆளை மாற்றினால் உவர்மலையில் அக்கா தனியாகத்தான் இருக்க வேண்டி வரும்.

போனை யாராவது எடுத்துப் பார்த்தாலும் என்று யோசித்து, 'நொத்தாரிசு' என்று பதிந்து வைத்திருந்த நம்பரின் பெயரை அழித்து 'மீன்காரர்' என்று மாற்றியிருக்கிறா. நல்ல மூளைதான். அன்று பின்னேரமே யோகன் அண்ணன் கட்டாரிலிருந்து அழைப்பு எடுத்திருக்கிறார். மகளின் படிப்பைக் கேட்டார். மழை பெய்கிறதா என்று கேட்டார். கடைசியில் குரலை மாற்றாமல் இன்னொன்றும் கேட்டார். அது என்ன என்று நான் கேட்டேன். அக்கா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கண்ணாடி மேசைக்கு மேலால் குனிந்து சொன்னா.

"'எப்ப தொடக்கம் அந்த நொத்தாரிசு மீன் விக்கிறார்?' எண்டு கேக்கிறார், பிள்ளை."

இரண்டாவது போன்

இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. பழைய பெயரும் புதுப் பெயரும் இரண்டும் தெரிந்தது இந்த உலகத்தில் ஒரே ஒரு பொருளுக்குத்தான். அது என் கையில் இருந்தது. செற்றிங்ஸைத் திறந்து, இந்த ஈமெயில் எந்தெந்தப் போனில் இருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு போன். ஒன்று என் கையில், மற்றது கட்டாரில். அக்கா பதிகிற ஒவ்வொரு நம்பரும் அங்கேயும் பதிந்திருக்கிறது. நொத்தாரிசுக்கு அனுப்புவதற்காக எடுத்த வீட்டு உறுதியின் படம், ஒரு பக்கம் விடாமல், அங்கேயும் போயிருக்கிறது. 'செவ்வாய் பத்து மணி' என்று குறித்த நாளும் அப்படித்தான். அக்கா எந்தச் சந்தியில் நிற்கிறா என்பது வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும். அவர் உளவு பார்க்கக் கஷ்டப்படவே இல்லை. எல்லாம் தானாகப் போய் அவருடைய மடியில் விழுந்திருக்கிறது.

அந்த ஈமெயிலைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கொப்பியைத் திறந்து பார்த்தேன். 'யோகன் + சுகந்தி, உவர்மலை'. என் கையெழுத்து. போன வருசம் லீவில் வந்தபோது இரண்டு போன் ஒன்றாக வாங்கினார்கள். ஒரு குடும்பம், ஒரு ஈமெயில். பத்து நிமிசம் மிச்சம் பிடித்தேன்.

"அக்கா, வாணி அக்கா ஒண்டும் சொல்லேல்லை. சொன்னது உங்கட போன். அதுக்குச் சொல்லப் பழக்கினது நான்" என்றேன். ரமீஸ் நானா பின்னாலிருந்து இருமினார். "புள்ள, குடும்ப விசயத்தில கடை தலையிடப் படாது." "கடைதான் நானா முதல்ல தலையிட்டது" என்றேன். அவர் எழும்பிப் போய் ஒருத்தருக்கு சார்ஜர் காட்டத் தொடங்கினார். அக்கா கதிரையில் இருந்தா. ஏசுவா என்று பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மேசையில் கிடந்த போனை என் பக்கம் தள்ளினா.

"முதல்ல வாணியின்ர பிளொக்கை எடு. மற்றதெல்லாம் பிறகு."

பட்டன் போன்

நான் உடனேயே அந்த ஈமெயிலைப் போனிலிருந்து கழற்றப் போனேன். பிழை தெரிந்தால் திருத்த வேண்டும், அவ்வளவுதான். விரல் பட்டனுக்கு மேலே நிற்கிறது, அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டா. "இண்டைக்கு நீ இதைக் கழட்டினால், என்ர புள்ளி அவரின்ர போனில இல்லாமல் போகும். நாளைக்கே தம்பிக்காரனை அனுப்புவார். வியாழன் முடியும்மட்டும் இது இப்பிடியே கிடக்கட்டும்." நான் ஏ.எல்.லில் தர்க்கவியல் படித்தனான். அக்கா அதற்கு முந்தின ஓ.எல்.லோடு நின்றவ. எனக்கு அது தோன்றவில்லை என்பதை மட்டும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

ஆகவே திட்டம் இதுதான். வியாழக்கிழமை அந்தப் போன் வீட்டுக் குசினித் தட்டில் சார்ஜில் கிடக்கும். கட்டாரில் இருந்து பார்த்தால் அக்கா குசினியில் நிற்கிறா. அக்கா நொத்தாரிசிடம் வெறுங்கையோடு போவா. ஆனால் வீட்டில் பிள்ளை இருக்கிறாளே, அவசரத்துக்கு ஒரு போன் வேண்டாமா என்று நாங்கள் கதைத்துக்கொண்டிருக்க, ரமீஸ் நானா உள்ளே போய் பழைய பட்டன் போன் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். ஈமெயிலும் இல்லை, வரைபடமும் இல்லை, கமராவும் இல்லை. உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, சிம் போட்டு, அக்காவுக்கு முன்னால் வைத்தார். தலையிட மாட்டேன் என்று சொன்ன மனுசனா இது என்று நான் பார்த்த பார்வையை விளங்கிக்கொண்டார்.

"இது தலையீடு இல்ல புள்ள. இது போன்."

கொப்பி கிண்ணியாவுக்குப் போனது

அந்தக் கிழமையே கொப்பியில் இருக்கிற மற்ற எல்லாருக்கும் அழைப்பு எடுக்கத் தொடங்கினேன். வந்து பாஸ்வேர்டை மாற்றுங்கோ, புதிதை எனக்குச் சொல்லாதீங்கோ, புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கு ஒரு ஈமெயில் வைத்திருங்கோ. பாதிப் பேர் கோபித்துக்கொண்டார்கள். மூதூரிலிருந்து ஒரு உம்மா, தாங்கள் எங்களை நம்பும்போது நாங்கள் ஏன் தங்களை நம்பவில்லை என்று கேட்டு அழவும் அழுதா.

புதன்கிழமை மத்தியானம் கடை நம்பருக்கு யோகன் அண்ணன் எடுத்தார். "தங்கச்சி, அந்த ஈமெயிலின்ர பாஸ்வேர்ட் மறந்துபோச்சு. கொப்பியில இருக்கும், பார்த்துச் சொல்லுங்கோ." விடிந்தால் வியாழன். சொன்னால் பாஸ்வேர்டை மாற்றி, அக்கா தன் போனுக்குள்ளேயே நுழைய ஏலாமல் செய்யலாம். சொல்லாவிட்டால், ஒரு வருசமாக வீதிக்கே கத்திச் சொன்ன கடை ஏன் இன்றைக்குச் சொல்லவில்லை என்று யோசிப்பார். நல்ல காலம், எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குப் பொய் நன்றாக வராது. வாயில் வந்ததைச் சொன்னேன். "கொப்பியை முதலாளி கிண்ணியாவுக்குக் கொண்டு போயிட்டார் அண்ணா. நாளைக்குப் பின்னேரம்தான் வரும்."

முதலாளி எனக்கு முன்னால் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொப்பி அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் போனை வைத்தேன். நானா மிச்சச் சோற்றை அப்படியே மூடினார். கையைக் கழுவினார். கொப்பியை எடுத்து சேர்ட்டுக்குள் சொருகி, ஹெல்மெட்டைப் போட்டு, உச்சி வெயிலில் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினார். எங்கே நானா போகிறீங்கள் என்று கத்தினேன்.

"கிண்ணியாவுக்கு. நம்மட கடையில இருந்து பொய் போகப் படாது."

குளியல்

வியாழக்கிழமை நடந்தது எனக்கு வாணி அக்கா சொன்னது. அவ காலையிலேயே தமக்கை வீட்டுக்கு வந்து குசினிக்குள் போனுக்குக் காவலாக இருந்திருக்கிறா. ஒரு மாதமாகச் செய்யாத குற்றத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருந்த ஆள். வந்ததும் தமக்கையோடு சண்டை பிடிக்கத்தான் நினைத்தவவாம். அன்றைக்கு நேரம் இல்லை என்று தேங்காய் துருவத் தொடங்கிவிட்டா. பத்து மணிக்கு யோகன் அண்ணனுடைய தம்பி படலையில் எட்டிப் பார்த்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. சார்ஜில் கிடந்த போனைப் பார்த்தார், குடித்தார், போய்விட்டார்.

பத்தரைக்குப் போன் அடித்தது, யோகன் அண்ணன். அக்கா குளிக்கிறா என்று வாணி சொன்னா. பதினொன்றரைக்கு அடித்தது. இன்னும் குளிக்கிறா. நீங்கள் இரண்டு பேரும் கோவமெல்லோ என்று அவர் கேட்டார். இப்பதான் ராசியானனாங்கள் என்றா. ஒன்றரைக்குத் திரும்ப அடித்தது. வரைபடத்தில் புள்ளி வீட்டை விட்டு அசையவில்லை, ஆனால் மனுசி போனுக்கு வருகிறாவும் இல்லை. "என்ன வாணி, மூண்டு மணித்தியாலமாக் குளிக்கிறாளா?" என்று கத்தினார். வாணி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தேங்காய்ப் பாலைப் பிழிந்தா.

"பைப்பில தண்ணி நூல் மாதிரித்தான் வருது, அத்தான்."

எங்கே நிற்கிறாய்

இரண்டரைக்கு சுகந்தி அக்கா நேரே கடைக்கு வந்தா. வாணி அக்கா போனைக் கொண்டுவந்து கொடுத்தா. கையெழுத்தும் விரலடையாளமும் வைத்தாச்சு. பெருவிரலில் மை இன்னும் போகவில்லை. சிரிப்பு ஒன்றும் இல்லை. களைத்துப் போயிருந்தா.

நான் புது ஈமெயில் ஒன்று திறந்தேன். அவவுடைய சொந்த நம்பரை மட்டும் கொடுத்தேன். வேறு யாராவது நுழைய வந்தால் அந்த நம்பருக்குக் கேள்வி வருகிற மாதிரி வைத்தேன். பாஸ்வேர்ட் போடுகிற இடம் வந்ததும் போனை அவவிடம் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். அக்கா ஒரு எழுத்துக்கு ஒரு நிமிசம் எடுத்தா. அழித்தா, திரும்பத் தொடங்கினா. எனக்கு உடம்பெல்லாம் கடித்தது. சுவரில் மாட்டியிருந்த கலண்டரில் அந்த மாதத்து நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாம் வாசித்து முடித்தேன். முடிந்தது என்று சொன்ன பிறகு, அவவுடைய நம்பர்களையும் படங்களையும் புதிதுக்கு மாற்றிவிட்டு, பழைய ஈமெயிலைக் கழற்றினேன். கட்டாரில் ஒரு புள்ளி அணைந்திருக்கும்.

கால்மணித்தியாலத்தில் போன் அடித்தது. யோகன் அண்ணன். ரமீஸ் நானா ரேடியோவைக் குறைத்தார். லீவில் வந்து அவர் என்ன சொல்வார், வீட்டுக்குள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அடிக்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் எடுத்தா. மற்றப் பக்கக் குரல் எங்களுக்கே கேட்டது. ஒரு வருசத்தில் முதல் தடவையாக அந்த மனுசன் பெண்சாதியிடம் "எங்க நிக்கிறாய்?" என்று கேட்டார். அதுவரைக்கும் அவருக்குக் கேட்கத் தேவை இருக்கவில்லை. அக்கா வாணியைப் பார்த்தா, வாசலைப் பார்த்தா.

"கடையில நிக்கிறன். இனித்தான் மகளின்ர வீட்டுக்குப் போகவேணும்."

ஊரில் எல்லாரும் முகம் தெரியாத கள்ளனுக்குப் பயந்துதான் கதவைப் பூட்டுகிறார்கள், அந்தப் பூட்டுக்குத் திறப்பு வெட்டிக் கொடுக்கிற என்னிடம் ஒருத்தரும் இன்னொன்று வெட்டி வைத்திருக்கிறாயா என்று கேட்பதில்லை.